பத்து லட்சத்தில் ஒரு சந்தேக நபர்

“மாமா, ஆள் சிக்கிட்டான்!” என்று மச்சினன் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தான்.

முதலாளி திரும்பவில்லை. அவர் கண் சுவரிலிருந்த எண்ணிக்கைப் பலகையை விட்டு நகர்வதாக இல்லை. இந்த நிமிடம் ‘கோட்டை’ என்ற ஆன்லைன் ஆட்டத்தில் இருப்பவர்கள் பத்து லட்சத்து நாலாயிரத்துச் சொச்சம்.

போன வருடம் வெளியிட்ட ஆட்டம் முதல் ஒரு மணி நேரத்திலேயே படுத்துவிட்டது. கூட்டம் வந்தது; சர்வர் தாங்கவில்லை. அன்றிலிருந்து அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலி. இந்த முறையும் அப்படி நடந்தால் மிச்சமிருக்கும் முப்பத்திரண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதனால் சர்வர்களை வாடகைக்குத் தரும் கிளவுட் கம்பெனியைத் தேர்ந்தெடுக்க முதலாளியே ஒரு பரீட்சை வைத்தார். ஆட்டத்தை மூன்று உலகங்களாகப் பிரித்து, மூன்று கம்பெனிகளின் சர்வர்களில் ஒரு வாரம் இலவசமாக ஓட்டுவது. எது குறைந்த தடவை விழுகிறதோ, அதற்கு மூன்று வருட ஒப்பந்தம். இன்று கடைசி நாள். மூன்று கம்பெனிகளின் விற்பனை மேலாளர்களும் வெளியே ஒரே சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

“யாருடா சிக்கினான்?”

“சர்வரைச் சாய்க்கணும்னே ஒருத்தன் உள்ள பூந்திருக்கான்னு சொன்னேன்ல, அவன்தான். பத்து லட்சம் பேர் எவ்வளவு ஒழுங்கா ஆடுறாங்க! சுவர் ஏறுறாங்க, குதிக்கிறாங்க, திரும்ப ஏறுறாங்க. இவன் மட்டும் அகழில விழுறான், குதிரைகிட்ட போய் வணக்கம் சொல்றான். திடீர்னு இருபது நிமிஷம் அசையாம நிக்கிறான். சில சமயம் நாப்பது நிமிஷம். எந்த மனுஷன் மாமா இப்படி ஆடுவான்?”

மச்சினன்தான் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. அக்கா சொல்லிக் கிடைத்த வேலை.

“எப்படிடா கண்டுபிடிச்சே?”

“அதுதான் பெரிய சந்தேகமே. பேர், விலாசம், போன் நம்பர் எல்லாத்தையும் உண்மையா குடுத்துப் பதிஞ்சிருக்கான். இந்தக் காலத்துல எவன் அப்படிக் குடுப்பான்?”

அதற்குள் இன்ஸ்பெக்டர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு தெரு தள்ளியிருந்த சலூன்காரர். தோளில் துண்டு, சட்டைப் பையில் சீப்பு.

“ஐயா, ஒருத்தரைப் பாதித் தலையோட உட்கார வெச்சுட்டு வந்திருக்கேன்” என்றார் வந்ததும். “சீக்கிரம் முடிச்சீங்கன்னா அவருக்கும் நல்லது.”

“அது என்ன இருபது நிமிஷம், நாப்பது நிமிஷம்? யாருக்கு சிக்னல்?” மச்சினன் மேசையைத் தட்டினான்.

“இருபது நிமிஷம் கட்டிங் தம்பி. நாப்பதுன்னா டை. ஆள் வந்தா போனைக் கீழ வைக்கணும்ல?”

இன்ஸ்பெக்டர் தன் மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். அவருக்கும் நாற்பது நிமிடம் ஆகும்.

“மூணு உலகத்துக்கும் எதுக்குப் போனீங்க?” என்று கேட்டாள், சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

“பேச்சுத் துணைக்கும்மா. எங்க தொழில்ல வாய் ஓடினாத்தான் கத்தரி ஓடும். ஒரு வாரமா போற வர்ற அத்தனை பேர்கிட்டயும் பேச்சுக் குடுக்கறேன். ஒருத்தராவது திரும்பிப் பாக்கணுமே! இப்படி மரியாதை கெட்ட கூட்டத்தை நான் எங்கயுமே பார்த்ததில்ல.”

“கேட்டீங்களா மாமா? நம்ம வாடிக்கையாளர்களையே திட்டுறான்!”

“சார், அவர் சொல்றதைக் கொஞ்சம் பார்த்துட்டு…” என்று அந்தப் பெண் இழுத்தாள்.

“ஏம்மா, பத்து லட்சம் பேருக்கு இடம் பிடிக்கிற நேரத்துல ஒருத்தரோட அரட்டையைப் பாக்கச் சொல்றியா?” என்றார் முதலாளி. புகார் மனுவில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

“சாமி, அந்தப் பாதித் தலை…” என்றார் சலூன்காரர்.

“அவர் தொப்பி வாங்கிப் போட்டுக்குவார், நட” என்றான் மச்சினன். போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரிடம், “ஆட்டத்தை அணைச்சுடாதீங்க சார், அதுதான் சாட்சி” என்றும் சொன்னான்.

அவர்கள் படியிறங்க, மேலாளர்கள் மூவரும் உள்ளே அழைக்கப்பட்டார்கள். முதல் கம்பெனியின் சர்வர் ஐந்து முறை விழுந்திருந்தது. மூன்றாவது நான்கு முறை. இரண்டாவது கம்பெனி ஒரே முறைதான். அதுவும் எழுந்து நின்றுகொண்டது. முதலாளி பேனாவைத் திறந்து, பத்து லட்சம் பேருக்கு, மூன்று வருடத்துக்கு, இடையில் விலக முடியாதபடி கையெழுத்துப் போட்டார். கண் கலங்கியிருந்தது. முப்பத்திரண்டு குடும்பங்கள் பிழைத்தன.

ஜெயித்தவருக்குத் தோற்ற இருவரும் கை கொடுத்தார்கள். பிறகு மூவரும் ஆளுக்கொரு மூலைக்குப் போய், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு தங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார்கள். நடுவில் நின்றிருந்த சர்வர் பெண்ணின் காதில், மூன்று மூலைகளிலிருந்தும் ஏறக்குறைய ஒரே பேச்சு விழுந்தது.

“முடிஞ்சிருச்சு சார். மத்தவங்க சர்வரைச் சாய்க்க நாம அனுப்பின கம்ப்யூட்டர் பொம்மை ஆட்டக்காரங்களை எல்லாம் நிறுத்திடுங்க.”

பத்து லட்சத்துச் சொச்சம் என்றிருந்த பலகை சரசரவென்று இறங்கி, ஒன்றில் வந்து நின்றது; அந்த ஒன்று அப்போது கீழே போலீஸ் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தது.