ஏழு வட்டங்கள்

முதலிடத்தில் அவன் பெயர்.

மூன்றாவது வாரமாக.

அவன் நம்பவில்லை.

இயந்திரம் இல்லாத கிளைடரில் இரண்டு மணி நேரம். யார் அதிக தூரம் போகிறார் என்பதுதான் போட்டி. பத்து நாள் லீவு வேண்டாம். முகாமில் தங்க வேண்டாம். மூன்று மாதத்தில் எந்த ஞாயிறும் பறக்கலாம். கருவியில் பதிவான பாதையை, இறங்கியதும் இணையத்தில் ஏற்றினால் போதும்.

நேரமில்லாதவர்களுக்கான போட்டி என்றார்கள்.

அவன் மனைவி இறந்து இரண்டு மாதம் கழித்து வந்த யோசனை. கொண்டுவந்தவன் கிளப் நண்பன் செல்வின்.

ஞாயிறு காலை மட்டும் மனைவியின் தங்கை வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். ஒரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். அது செல்வினுக்குத் தெரியும்.

கிளப்பில் இப்போதெல்லாம் அவனுக்குத்தான் முதல் டீ. மோசமாகத் தரையிறங்கினாலும் யாரும் திட்டுவதில்லை.

இந்த முதலிடமாவது யாரும் போட்ட பிச்சையாக இருக்கக் கூடாது.

இன்று இறங்கியதும் செல்வின் கேட்டான்.

"என்ன மாப்ள, மறுபடியும் நீதானா? எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் விடுவ போல."

சிரித்தான். கொஞ்சம் அதிகமாக.

இரண்டாம் இடம் செல்வினுக்கு. ஒன்பது கிலோமீட்டர் குறைவு. தேசியப் போட்டிகளில் பறந்தவன் அவன்.

வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியில் செல்வினின் பதிவைத் திறந்தான்.

நாற்பதாவது நிமிடம். நாலாயிரம் அடி உயரம். நல்ல மேகங்களெல்லாம் இன்று வடக்கே இருந்தன. செல்வினின் கோடு கிழக்கே திரும்பியது.

அங்கே ஏழு வட்டம்.

ஏறுகாற்று கிடைத்தால்தான் வட்டமடிப்பார்கள். உயரம் கூடும். செல்வினுக்கு ஒவ்வொரு வட்டத்திலும் குறைந்திருந்தது.

போக, சுற்ற, திரும்ப. பன்னிரண்டு நிமிடம்.

போன ஞாயிறும் அதே இடம். அதற்கு முந்தைய ஞாயிறும்.

தன் பதிவை அதன் மேல் வைத்துப் பார்த்தான். அவனுடைய கோடு வடக்கே நேராகப் போயிருந்தது. ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை.

விட்டுக்கொடுக்கிறான்.

ஆனால் அதற்கு ஏன் அங்கே போக வேண்டும்?

வரைபடத்தைப் பெரிதாக்கினான். பஸ் டிப்போ. பின்னால் ஒரு தெரு. ஒரு மொட்டை மாடி, மூலையில் நீலத் தண்ணீர்த் தொட்டி.

அவன் வீடு.

ஞாயிறு காலை. அவன் வானத்தில் இருக்கும் நேரம். வீட்டில் மனைவியின் தங்கையும் குழந்தையும் மட்டும்.

போனைக் கையில் எடுத்தான்.

மகள் பின்னால் வந்து தோளில் தொங்கினாள். இந்த வருடம்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.

திரையைப் பார்த்தாள்.

"ஐ, நம்ம வீடு! அப்பா, இது நீ மேல சுத்துனதுதானே? நான் மாடியில நின்னு கை காட்டுனேனே, தெரிஞ்சுதா?"

அவன் போனைக் கீழே வைத்தான்.

வட்டங்களுக்குப் பக்கத்தில் விமானியின் பெயர் இருந்தது.

அவள் குனிந்தாள். முதல் எழுத்தைச் சொன்னாள்.

அவன் அந்தப் பெயரின் மேல் உள்ளங்கையை வைத்தான்.