ஒன்பது அவுன்ஸ் தண்ணீர்

தம்பிஐயா இரண்டாவது தடவையாக மயில்துத்தம் வறுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக் கோடியில் மூன்று கல்லு வைத்து, உடைந்த சட்டி ஒன்றில். நீலக் கட்டி ஓரத்தால் வெளுத்துக்கொண்டு வந்தது.

இந்த முறை மேரிறோஸ் கடையில் வாங்கிய துத்தம். புகையிலை நாற்றுக்குத் தெளிக்கிறதுக்கு. மேரிறோஸ் பொய் நிறை நிறுக்கமாட்டாள் என்று ஊரே சொல்லும். அதனாலேயே தம்பிஐயாவுக்குச் சந்தேகம்.

முதல் தடவை வறுத்தது போன கிழமை. அதற்குக் காரணம் மகள் சீதேவி.

அவளுக்குச் சித்திரையில் பள்ளிக்கூடச் சோதினை. ஆனால் தை மாதம் கல்யாணம். ஊர்காவற்றுறைக் கடைக்காரன் செல்வரத்தினத்தின் மூத்தவனுக்குக் கொடுக்கிறதென்று பேச்சு முடிந்திருந்தது. கல்யாணம் முடிந்த பெட்டைக்குச் சோதினை என்ன சோதினை என்று தம்பிஐயா சொல்லிவிட்டார்.

சீதேவி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நன்றாகச் சாப்பிட்டாள். பிறகு இரசாயனப் புத்தகத்தோடு, அவர் சுருட்டுப் பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வந்து குந்தியிருந்து உரத்துப் படித்தாள்.

துத்தத்தின் சூத்திர நிறை. செம்பு அறுபத்து மூன்றரை. கந்தகம் முப்பத்திரண்டு. ஒட்சிசன் நாலு, அறுபத்து நாலு. தண்ணீர் ஐந்து, தொண்ணூறு. எல்லாம் கூட்டினால் இருநூற்று ஐம்பதுக்கு அரை குறைவு.

தம்பிஐயா சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். கல்லு மாதிரிக் கிடக்கிற துத்தத்துக்குள் என்ன தண்ணீர் என்று கேட்டார்.

வறுத்துப் பாருங்கோ என்றாள் அவள்.

செல்வரத்தினம் கடையில் வாங்கியதில் இருபத்தைந்து அவுன்ஸ் வறுத்தார். நீலம் போய் வெள்ளைத் தூளாகக் கிடந்ததைத் தராசில் போட்டார். பதினாறு அவுன்ஸ். மிச்சம் ஒன்பதும் ஆவியாகப் போயிருந்தது.

அடுத்த வள்ளத்தில் போய், கடை நிறைய ஆட்கள் நிற்க, தூளைச் செல்வரத்தினத்தின் மேசையில் கொட்டினார்.

“ஒன்பது அவுன்ஸ் தண்ணியைத் துத்தமெண்டு விக்கிறவன்ரை வீட்டிலை என்ரை பிள்ளை கால் வைக்காது.”

விசர் மனிசன் என்றார் செல்வரத்தினம். சம்பந்தம் அதோடு முறிந்தது.

சோதினையை எடு பிள்ளை என்று சொன்னதும் தம்பிஐயாதான். படிப்பு இருந்தபடியால்தான் கள்ளன் பிடிபட்டான் என்று இறங்குதுறையில் கண்டவன் நின்றவன் எல்லாருக்கும் சொன்னார்.

இப்போது மேரிறோஸ் கடைத் துத்தமும் முழுதாக வெளுத்துவிட்டது. இதுவும் இருபத்தைந்து அவுன்ஸ்தான். ஆறவிட்டுத் தராசில் போட்டார்.

பதினாறு.

படிக்கல்லை மாற்றிப் போட்டு நிறுத்துப் பார்த்தார். பதினாறு.

ஒரு கை தண்ணீரை அள்ளித் தூளில் தெளித்தார். பட்ட இடமெல்லாம் பழைய நீலம்.

தம்பிஐயா குந்தியபடியே இருந்தார். சீதேவி படித்த பாடத்தை ஒருமுறை நினைத்துப் பார்த்தார். அதில் செல்வரத்தினத்தின் பெயர் வந்ததாக ஞாபகமில்லை.

உள்ளே சீதேவியின் படிப்புச் சத்தம் நின்றது.

“எவ்வளவு குறைஞ்சது, ஐயா?”

தம்பிஐயா சட்டியைக் காலால் கற்களுக்குப் பின்னால் தள்ளினார்.

“ஒண்டும் குறையேல்லை. நீ படி.”



சீதேவி திரும்பவும் படிக்கத் தொடங்கினாள். இந்த முறை மெல்ல.