ஓர்ஸ் ஹில்காரர் காத்திருக்கட்டும்

சுற்றுலாத் தீவின் விடுதி முற்றத்தில் ஏரியல் கம்பி கட்டி, மதிவதனா தன் ஹாம் ரேடியோவைத் திறந்ததுதான் தாமதம், உலகமே வரிசையில் நின்றது. அந்தத் தீவிலிருந்து இதுவரை யாரும் ரேடியோவில் பேசியதில்லை. அதனால் அந்தத் தீவோடு ஒரு தடவையாவது பேசிவிட எல்லா நாட்டு ரேடியோப் பிரியர்களுக்கும் ஆசை. ஜப்பான்காரர் பேசினார், பிரேசில்காரி பேசினாள்.

இடையிடையே அவள் ஊரான ஓர்ஸ் ஹில்லிலிருந்து ஓர் ஆண் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"பாவம், காலையில இருந்து கத்துறார். ஒருக்கா மறுமொழி குடுங்கோவன்," என்றாள் துணைக்கு வந்திருந்த ஹுஸ்னியா.

"தூர இடத்து ஆக்கள் முதல்ல கதைக்கட்டும்."

"எங்கட ஊர் ஆள்தானே. இந்தத் தீவோட கதைச்ச கணக்கு தனக்குக் கட்டாயம் வேணுமாம்."

"வேணுமெண்டால் நிக்கட்டும். 'தீவில போய் ஸ்டேஷன் போட பொம்பிளையளுக்கு ஏலாது, குசினியில சமையலைப் பாருங்கோ' எண்டு ரேடியோ கிளப்பில எல்லாருக்கும் முன்னால சொன்ன மனுசன் அவர்."

பின்னேரம் வரிசை ஓய்ந்தது. அந்தக் குரல் மட்டும் மிஞ்சியது. மதிவதனா மைக்கை எடுத்தாள்.

"ஓர்ஸ் ஹில் ஸ்டேஷன், உங்கட பேரைச் சொல்லுங்கோ."



"என்ன மதி இது... தர்மசீலன். உன்ர புருசன்."

ஹுஸ்னியா திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள். மதிவதனா அசையவில்லை.

"வடிவா விளங்கேல்ல. தீவில ஸ்டேஷன் நடத்துறது ஆரெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. கிளப் ஆக்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கினம்."

"என்ர மனிசி... மதிவதனா."

"ஓம், இப்பதான் சத்தம் தெளிவாக் கேக்குது," என்றாள் அவள்.