வல்லாரைச் சம்பல்

“ஏம்மா, உங்கப்பாவுக்கு எது ஒண்ணு ஞாபகம் வந்தா உனக்குப் போதும்?” என்று கம்பவுண்டர் கருணாகரன் ஒரு நாள் தெய்வம்மாவைக் கேட்டார்.

“எங்கம்மா பேரு,” என்றாள் அவள், யோசிக்காமல்.

கம்பவுண்டர் சிரித்துவிட்டார். “எல்லாரும் தன் பேரு ஞாபகம் வரோணும்னுதான் கேப்பாங்க. நீ புதுசா இருக்கறே போ. வயசானா இரும்பு துருப்பிடிக்கிறாப்பல மூளையும் உள்ளுக்குள்ள துருப்பிடிக்கும் கண்ணு. வல்லாரையும் நெல்லிக்காயும் குடுத்துப் பாரு. துரு மேல ஏறாமத் தடுக்கும்னு சொல்றாங்க. ஆனா, துரு தின்னுபோட்ட தகரத்தை அது திருப்பித் தராது, ஆமா.”

தேவாலா தேயிலைத் தோட்டத்து மழையில் இருப்பவளுக்குத் துருவைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லயம் என்னும் அந்த வரிசை வீடுகளின் கூரைத் தகரத்தில் கையை வைத்தால் கையோடு வந்துவிடும்.

அன்றிலிருந்து கொழுந்தெடுத்து முடிந்ததும் தெய்வம்மா ஓடைக்கரைச் சேற்றில் இறங்கினாள். காலில் ஏறிய அட்டைகளை உப்பு வைத்து உதிர்த்துவிட்டு, மடி நிறைய வல்லாரையோடு வீடு வந்தாள். தேங்காய் இருந்தால் அதோடு சேர்த்தரைத்து, இலங்கைப் பழக்கத்தில் சம்பல். இல்லாவிட்டால் வெறும் சாறு.

அப்பா அய்யாவு மறந்தவற்றுக்கு அளவே இல்லை. சாப்பிட்டதை மறந்தார். வேலையிலிருந்து நின்றதை மறந்து, ஃபேக்டரிச் சங்கு ஊதினால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினார். கூடலூர் பஸ் ஹாரன் அடித்தால், “கோச்சி வந்துருச்சு, மூட்டையக் கட்டு” என்று துள்ளி எழுந்தார். கோச்சி என்றால் ரயில். அந்த ரயிலும் கப்பலும் ஏறி இந்தியாவுக்கு வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மளிகைக்கடைப் பங்கஜம் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். கோயம்புத்தூர்க்காரி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெய்வம்மா சம்பலை உருட்டி அப்பாவுக்கு ஊட்டினாள்.

“கசக்குது புள்ள,” என்று அய்யாவு முகத்தைச் சுளித்தார்.

“கசந்தாத்தான் மருந்து. முழுங்குங்க. அப்பா, அம்மா பேரு என்னா?”

“பொன்னாயி,” என்றார் பட்டென்று.

பங்கஜம் கையைத் தட்டினாள். “அடி ஆத்தாடி! மாமா எப்பிடிச் சொல்லிப்போட்டாரு பாரு. வல்லாரை வேலை செஞ்சுபோடுச்சு கண்ணு!”

தெய்வம்மா சிரிக்கவில்லை. இன்னோர் உருண்டையை எடுத்தாள். “இன்னும் கொஞ்ச நாளு குடுக்கணுங்கக்கா.”

“கேட்ட பேரைச் சொன்ன மனுசனுக்கு இன்னும் எதுக்குடி இந்தக் கசப்பு? போற போக்கைப் பாத்தா, உன்னையப் பொண்ணு பாக்க வர்றவனும் சேத்துக்குள்ள எறங்கித்தான் பாக்கோணுமாட்ட இருக்குது.” பங்கஜம் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

மழை ஓய்ந்து வெயில் விழுந்த ஒரு காலையில், அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தவளையே அய்யாவு வெகு நேரம் பார்த்தார். அவர் கண்ணில் அன்றைக்கு மூட்டம் இல்லை.

“நீ தெய்வம்மா இல்ல,” என்றார்.

அரைத்த கை நின்றது.

“தெய்வம்மாவத்தான் கோச்சி ஏர்றதுக்கு முந்தின வாரமே பொதைச்சுட்டமே. காய்ச்சல்ல போயிருச்சே புள்ள. இந்தியாவுக்குப் போற கார்டுல மூணு பேரு. ஆளு கொறைஞ்சா கப்பல்ல ஏத்த மாட்டாங்கன்னு லயத்துல பயங்காட்டிட்டாங்க. அதான் உன்னையத் தூக்கிட்டு வந்தோம்.”

தெய்வம்மா அதிரவில்லை. சாகும்போது பொன்னாயி இதில் பாதியைச் சொல்லிவிட்டு, மீதியை அப்பனிடம் கேட்டுக்கொள் என்று கண்ணை மூடியிருந்தாள். கேட்க இவளுக்கு வாய் வருவதற்குள் அவருக்கு மறதி வந்துவிட்டது. அந்த மீதிக்காகத்தான் இவ்வளவு சேறும், இவ்வளவு அட்டையும்.

கையைக்கூடக் கழுவாமல் அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள். “அது தெரியும்ப்பா. என்னையப் பெத்த அம்மா பேரு என்னா? அதை மட்டும் சொல்லுங்க.”

“டேசன்ல நின்னா. சனமெல்லாம் கோச்சியப் புடிச்சுக்கிட்டு அழுவுது. கார்டுல பேரு இருக்கு, மடியில புள்ள இல்லியேன்னு பொன்னாயி தலையில அடிச்சுக்கிட்டா. அதைக் கேட்டவ, உன்னைய ஜன்னல் வழியா உள்ள நீட்டுனா. ‘இவளாச்சும் பொழைக்கட்டும் அக்கா’ன்னா. பச்சைச் சீலை. புருவத்துல ஒரு தழும்பு. வண்டி நவுந்தப்பவும் கூடவே ஓடி வந்தா.”

“பேருப்பா? அவ பேரு?”

அய்யாவு வாயைத் திறந்தார், மூடினார். மறந்துபோனவரின் முகம் எப்படி இருக்கும் என்று தெய்வம்மாவுக்கு நன்றாகத் தெரியும். இது அந்த முகமில்லை. அவர் தலை மெல்லக் குனிந்தது.

“அத நாங்க கேக்கவே இல்லியே, புள்ள.”

தெய்வம்மா எழுந்தாள். அம்மியில் பாதி அரைத்திருந்த வல்லாரையை வழித்தெடுத்துக்கொண்டு, ஓடையில் கொட்ட வாசலைத் தாண்டி நடந்தாள்.