கடைசி ஐந்து விநாடி

ஃபவாஸின் வீட்டுக் கூடத்தில் ஷேக் தயாப் காபிக் கோப்பையை வாங்கினார். குடிக்காமல் எதிரே வைத்தார்.

“ஃபவாஸ், இந்த நாயிஃப் உன் பொண்டாட்டி கார் மேல மோதினது உண்மை. பிரேக் பிடிக்கலைங்கிறான். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு, குடிக்கிறேன்.”

அவருக்குப் பின்னால், சமாதானம் பேச வந்த முப்பது பேர். நாயிஃப் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

இறந்த மனைவியின் மோதிரத்தைச் சுண்டுவிரலில் மாட்டியிருந்த ஃபவாஸ் தலைநிமிரவில்லை. அந்தக் காபியை ஷேக் குடித்துவிட்டால் மன்னித்ததாக அர்த்தம். அப்புறம் வழக்கும் கிடையாது, பேச்சும் கிடையாது.

வாசலில் குவிந்திருந்த செருப்புகளைத் தாண்டி ஓடிவந்தான் குதைபா. இறந்துபோன ருதைனாவின் தம்பி. ஸர்கா நகரத்தில், மோதி நொறுங்கிய கார்களைச் சரிசெய்பவன்.

“மச்சான், கொஞ்சம் வெளிய வா.”

முற்றத்தில் நின்ற காரின் பானெட் மேல் லேப்டாப்பைத் திறந்தான். பக்கத்தில் உள்ளங்கை அளவு அலுமினியப் பெட்டி ஒன்று.

“நாயிஃப் வண்டில இருந்து கழட்டினேன். போலீஸ் யார்டுல தெரிஞ்ச ஆள் இருக்கான்.”

“என்ன இது?”

“ஏர்பேக்கை வெடிக்க வைக்கிற பெட்டி. மோதுறதுக்கு முன்னாடி அஞ்சு செகண்ட் என்னென்ன நடந்துச்சுன்னு தானே எழுதி வச்சுக்கும். ஓட்டுறவனுக்கே தெரியாது.” திரையில் விரலை வைத்தான். “பாரு. அந்த நாய் பிரேக்கைத் தொடவே இல்ல. ஆக்ஸிலேட்டர் நூத்துக்கு நூறு. ஸ்டியரிங் அக்கா பக்கமா திரும்பியிருக்கு.”

ஃபவாஸின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“விபத்து இல்ல மச்சான், கொலை. அந்தக் கிழவனைக் காபி குடிக்க விட்டுடாதே.”

ஃபவாஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. நேரா உன்கிட்டதான் வந்தேன்.”

“வேற எதுலயாவது எடுத்து வச்சிருக்கியா?”

“இல்ல. இதுல மட்டும்தான்.”

ஃபவாஸ் லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கினான். பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

“நீ உள்ள வராதே. அவனைப் பார்த்தா அடிச்சே கொன்னுடுவ. நான் பேசிக்கிறேன்.”

குதைபா அவன் தோளில் முகம் புதைத்து அழுதான். ஃபவாஸ் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். ஷேக்கின் கோப்பை வைத்த இடத்திலேயே இருந்தது.

“காபியைக் குடிங்க ஷேக். மன்னிச்சுட்டேன்.”

ஷேக் ஒரே மடக்கில் குடித்தார். கூடம் முழுக்க வாழ்த்துக் குரல்கள். “இவன்தான் ஆம்பளை” என்றார் ஒருவர். வெளியே குதைபா கதவை அடிப்பது யார் காதிலும் விழவில்லை.

நாயிஃப் எழுந்துவந்து ஃபவாஸின் தோளில் முத்தமிட்டான். ஃபவாஸ் அவனை இறுக அணைத்து, காதோடு சொன்னான்:

“கடைசி நேரத்துல எங்க பிரேக்கை மிதிச்சுடுவியோன்னு பயந்துட்டேன்டா.”