பாலத்தில் நின்றவன்

"மனசுக்கு ஒரு டாக்டராம்! ஏல லிங்கராஜ், மத்தியானத்துக்கு மாவு யாருல பிசைவா? இந்த டாக்டரா?"

வேலப்பன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டார். கரமனையில் ஓர் ஓட்டலுக்கு மேனேஜர் அவர். லிங்கராஜ் அங்கே பரோட்டா மாஸ்டர். இருவருக்கும் ஜாகை ஓட்டல் மாடியில், ஒரே அறையில்.

"எனக்கு மலையாளம் வராதுல்லா அண்ணாச்சி. நீங்க கூட இருந்து எடுத்துச் சொன்னாப் போதும்."

"இங்க வந்து ஆறு வருசம் ஆச்சு. ஒரு பாஷை படிக்கத் துப்பில்ல. சீக்கு மட்டும் புதுசு புதுசா வருது."

"அடுக்களையில எல்லாரும் நம்ம ஆளுதானே அண்ணாச்சி."

"பேசாத. நாளைக்கும் உன்னைப் பாலத்துல பார்த்தேன், ஊருக்கு பஸ் ஏத்திருவேன். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா போலீசுக்கு யாருல பதில் சொல்றது?"

பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு முன்பே லிங்கராஜ் எழுந்து கதவைத் திறந்தான். ஓ.பி. சீட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றான். காலியாக இருந்த நாற்காலியில் வேலப்பன் உட்கார்ந்தார்.

டாக்டர் ரேஷ்மி சீட்டைப் படித்தார். வேலப்பனைப் பார்த்து மலையாளத்தில் கேட்டார்.

"ராத்திரி தூக்கம் எப்படி?"

எடுத்துச் சொல்கிறவரைப் பார்த்துத்தானே கேட்பார்கள். வேலப்பன் திரும்பினார். "தூக்கம் எப்படின்னு கேக்காங்க. சொல்லித் தொலை."

"அண்ணாச்சிக்குத் தெரியாததா? நீங்களே சொல்லுங்க."

வேலப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்குமா அவர் பதில் சொல்வது? மலையாளத்தில் பொரிந்தார். "இவன் எங்க டாக்டரே தூங்குறான்? மூணு மணிக்கு நான் எழுந்து உட்கார்ந்தா, எதிர்க்கட்டில்ல இவனும் உட்கார்ந்திருக்கான்."

"தினமுமா?"

"ஒரு நாள் தப்பாது."

டாக்டர் எழுதிக்கொண்டார். "சாப்பாடு?"

"அதை ஏன் கேக்கீங்க. இவன் வைக்கிற சால்னா வாயில வெச்சா மண்ணு. ரெண்டு மாசமா எனக்கு ஒரு வாய் இறங்கல. வேலையில கவனம் இருந்தால்ல!"

"எல்லாரும் வரிசையில நின்னு வாங்குதாங்களே அண்ணாச்சி" என்றான் லிங்கராஜ் தமிழில், மெல்ல.

"வாயை மூடுல. அவனுகளுக்கு நாக்கு செத்துப்போச்சு."

"கோபம் வருமா?" என்றார் டாக்டர்.

"வராதா பின்ன?" மேஜையில் ஓங்கித் தட்டினார் வேலப்பன். பேனா உருண்டு கீழே விழுந்தது. "நியாயமான மனுசனுக்கு வரத்தான் செய்யும்!"

லிங்கராஜ் குனிந்து பேனாவை எடுத்து வைத்தான்.

"வேறு ஏதாவது சொல்லணுமா?"

"வந்ததே அதுக்குத்தானே. மூணு நாளா விடியக்காலம் கரமனைப் பாலத்துல வந்து நிக்கான், டாக்டரே. கைப்பிடிச் சுவர் ஓரத்துல. கேட்டா பதில் இல்ல."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அந்த நேரத்தில் நீங்கள் அங்கே எதற்குப் போனீர்கள்?"

"நானா?" வேலப்பன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான்... சும்மா."

"மூன்று நாளும்?"

வேலப்பன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"என்னை எதுக்கு விசாரிக்கீங்க? சீக்காளி அவன்!"

டாக்டர் சீட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "இதில் இருப்பது உங்கள் பெயர்தானே?"

வேலப்பன், வயது ஐம்பத்திரண்டு.

"எழுதுறவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? ஆளை மாத்தி எழுதியிருக்கான்! லிங்கராஜ், நீ சொல்லுல!"

"சரியாத்தான் எழுதியிருக்கு அண்ணாச்சி."

பிறகு லிங்கராஜ் டாக்டரிடம் திரும்பி, ஓர் இடத்திலும் தடுக்காத மலையாளத்தில் சொன்னான். "நான் ஆற்றைப் பார்க்கப் போகவில்லை டாக்டரே. மூன்று நாளும் இவர் சட்டையைப் பிடிக்க எட்டுகிற தூரத்தில் நின்றேன்."