ஐந்தாவது கட்டம்

மேசையின் தலைப்பக்கம், போன மாதம்தான் மாற்றலாகி வந்த மானேஜர் கோதண்டராமன். அவருக்கு இடப்புறம் டைப்பிஸ்ட் ரஞ்சனி. எதிரே கிளார்க் வெங்கடேசன். கதவோரம், நாற்காலியின் நுனியில், ரிப்பேர் மெக்கானிக் கன்னியப்பன்.

பம்ப்செட் வாங்கியவர்களிடம் கருத்துக் கேட்டு, ஒரகடம் ரிப்பேர் பிரிவை வைத்துக்கொள்வதா, மூடுவதா என்று எழுதச் சொல்லியிருந்தது பம்பாய் தலைமை அலுவலகம்.

பிரிவு என்றால் கன்னியப்பன் ஒருத்தன்தான்.

கேள்வித்தாள் தயாரிக்க, வெங்கடேசன் மெட்ராஸ் போய்ப் படித்துவிட்டு வந்திருந்தான். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கக் கூடாது. ‘மோசம்’ தொடங்கி ‘மிகத் திருப்தி’ வரை ஐந்து கட்டம் போட வேண்டும். முன்பின் தெரியாத ஆள்தான் போய்க் கேட்க வேண்டும்.

முதல் இரண்டையும் அப்படியே செய்தான். மூன்றாவதற்கு ஆள் இல்லை. எந்தக் கிணறு யாருடையது என்று கன்னியப்பனுக்குத்தான் தெரியும், சைக்கிளும் இருந்தது. அவனிடமே தாள்களைக் கொடுத்தனுப்பினான்.

அத்தனை தாளிலும் ஐந்தாவது கட்டத்தில் டிக். கோடை முழுக்கக் கம்பிச்சுருள் கருகிக்கொண்டே இருந்த வடக்குப்பட்டு செங்கமலத்தின் மோட்டாருக்கும் மிகத் திருப்தி.

நேற்று தாள்களை வெங்கடேசனிடம் கொடுக்கும்போது கன்னியப்பனுக்கு வாயெல்லாம் பல்.

“வடக்குப்பட்டு செங்கமலம் அக்கா இன்னா சொல்லிச்சு தெரியுமா சார்? ‘உன் பொழப்புல நான் மண்ணள்ளிப் போடுவனா? நல்லா ஓடுதுன்னே போட்டுக்கோ’ன்னு மோர் குடுத்து அனுப்பிச்சு.”

அந்த ஊர்களில் யாரும் அவன் பிழைப்பில் மண்ணள்ளிப் போடவில்லை.

குறையே இல்லாத இடத்தில் ரிப்பேர்காரனுக்கு என்ன வேலை, பிரிவை மூடிவிடலாம் என்று மானேஜர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, ரஞ்சனி நிமிராமல் அடித்தாள். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று மட்டும் புரிந்து, கன்னியப்பன் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தான்.

மானேஜர் பேனாவைத் திறந்தார். வெங்கடேசனை நேராகப் பார்த்தார்.

“கணக்கு சரிதானே?”

தாள்களைக் கொண்டுபோய்க் கேட்டது கன்னியப்பன்தான் என்பதை வெங்கடேசன் சொல்லவில்லை.

சரிதான் சார் என்றான்.

கையெழுத்தானது. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது என்றார் மானேஜர். சைக்கிளில் போனால் பிடித்துவிடலாம் என்று கன்னியப்பனே எழுந்து வந்தான். கடிதத்தை உறையில் போட்டு, ஓரம் முழுக்கப் பசை தடவி, பிரிந்துவிடாமல் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான். நல்லபடியாக எழுதியிருக்கிறதா என்று வெங்கடேசனிடம் தணிந்த குரலில் கேட்டான்.

எல்லாருக்கும் திருப்தி என்று எழுதியிருக்கிறது என்றான் வெங்கடேசன். மேசை இழுப்பறையைத் திறந்து, தபால்தலையை எடுத்துக் கொடுத்தான்.